நாடாளுமன்றம் தொட முடியாத கள்ளு

எண்பதுகளில் மலேசியாவில், கோல சிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக் கள்ளுக்கடையில் ஊற்றிக் கொடுக்கும் வேலை பார்த்தேன். ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு, சபாக் வரை வேலை தேடிச் சுற்றியபின் கிடைத்த வேலை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் ஓர் அறை. என்னோடு தங்கியிருந்தவன் டவுனில் ஒரு வக்கீல் ஆபீசில் எடுபிடி; பதினோரு வருடம் படித்து ஐந்தாம் படிவம் முடித்தவன். சாயங்காலம் வேலை முடிந்து வரும்போதும் அவன் சட்டைக் காலர் வெள்ளையாகவே இருக்கும். அதுவே எனக்குப் பிடிக்காது.

பக்கத்து லயத்தில் பால் மரம் வெட்டும் ஒரு பெண் இருந்தாள். அவளுடைய அப்பா சம்பளத்தை வாங்கி நேராக என் கடைக்குத்தான் வருவார். கடையை மூட வைக்க வேண்டும் என்று அவள் பிடிவாதமாக இருந்தாள். மூடினால் என் சோறு போகும். ஆனாலும் அவளுக்காக அலைந்தேன். அவளைக் கட்டிக்கொள்ளும் நினைப்பு எனக்கு இருந்தது. டவுனுக்கு வந்த நாடாளுமன்ற உறுப்பினரிடம் நான்தான் அவளைக் கூட்டிப்போனேன். பட்ஜெட் விவாதத்தில் பேசி, கள்ளுக்கடை வருமானமே வேண்டாம் என்று நாடாளுமன்றத்தைச் சொல்ல வைக்கிறேன் என்றார் அவர். திரும்பும் வழியெல்லாம் அவள் சந்தோஷமாகப் பேசிக்கொண்டு வந்தாள்.

அறை வாசலில் நின்று அதை அவனிடமும் சொன்னாள். அவன் சட்டையை மாட்டிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னான்.

"அவரு பேசலாம். அந்தக் காசு அங்க போறதே இல்ல லா."

நாட்டுக்கே வரி போடுகிற சபைக்கு ஒரு கள்ளுக்கடை பெரிதா என்று கேட்டேன். வருமான வரி, சுங்க வரியெல்லாம் அவர்களுடையது என்றான். ஆனால் அரசியல் சட்டத்தின் பின்பகுதியில் மாநிலங்களுக்கென்று ஒதுக்கிய வருமானங்கள் இருக்கின்றன. அதில் முதலில் நிற்பதே கள்ளுக்கடை, நிலமும் சுரங்கமும் காடும் அதற்கு அடுத்துத்தான். தன்னிடம் வராத பணத்தை நாடாளுமன்றம் எப்படி வேண்டாம் என்று சொல்லும்? மாநிலம்தான் விட வேண்டும், சட்டமன்ற உறுப்பினரைப் போய்ப் பாருங்கள் என்றான்.

"என் கடையப் பத்தி எனக்குத் தெரியாதா?" என்றேன்.

"நீ ஊத்துற மச்சான். காசு எங்க போவுதுன்னு என்னைக்காவது கேட்டியா?"

அவள் சிரித்துவிட்டாள். நான் ஒரு நாள் பூராவும் அலைந்து வாங்கி வந்த வாக்கு, அவன் சட்டைப் பொத்தான் போட்டு முடிப்பதற்குள் ஒன்றுமில்லாமல் போனது.

மறுவாரம் அவளும் அவனும் சட்டமன்ற உறுப்பினரைப் பார்க்கக் கிளம்பினார்கள். என்னையும் கூப்பிட்டாள்.

"அண்ணே, நீங்களும் வாங்க. எவ்வளவு ஊத்துறீங்கன்னு நீங்க சொன்னாத்தான் நம்புவாங்க."

எனக்கு அண்ணே. அவனுக்கு எந்த முறையும் வைக்கவில்லை, வெறும் 'நீங்க'. பஸ்ஸில் அவர்கள் முன்னால் உட்கார, நான் பின்சீட்டில் உட்கார்ந்து அவன் காதோரம் அவள் குனிந்து கேட்பதைப் பார்த்துக்கொண்டே போனேன். சட்டத்தைத்தான் கேட்டாள். அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

அங்கே அவன் அந்த மாநில வருமானப் பட்டியலைச் சொன்னான். சட்டமன்ற உறுப்பினர் தலையாட்டினார். மாநிலத்துக்கு வரும் வருமானம், சட்டென்று விடமாட்டார்கள் என்றார். பிறகு என்னிடம் கேட்டார். சம்பள நாளில் எத்தனை தோம்பு, எத்தனை பீப்பாய் கள்ளு காலியாகும், யார் யார் விழுந்து கிடப்பார்கள் என்பதை ஒளிக்காமல் சொன்னேன். அவனைவிட அதிக நேரம் பேசினேன். அவள் என்னைப் பார்க்கிறாளா என்று ஒருமுறை திரும்பினேன். அவன் கைக்குட்டையை வாங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கடை மூடவில்லை. சம்பள நாளிலும் அதற்கு அடுத்த நாளிலும் மட்டும் திறக்கக் கூடாதென்று உத்தரவு வந்தது. அந்த மாதம் அவளுடைய அப்பா சம்பளத்தை வீட்டில் கொடுத்தார். அவள் பலகாரம் செய்து எங்கள் அறைக்குக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள். அதில் அண்ணனுக்கும் இருக்கிறது என்றாள்.

வியாபாரம் குறைந்ததால் கடையில் ஓர் ஆள் போதும் என்றார்கள். அங்கே ஊற்றிக் கொடுத்த இருவரில் நான்தான் புதியவன். ராசா டவுன் பக்கம் வேலை இருப்பதாகக் கேள்விப்பட்டு, அவன் ஆபீசிலிருந்து வருவதற்குள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.