இனிஷியல் இல்லாத பட்டியல்

மாடுங்காவில் மகாதேவ ஐயரைச் சாது என்று சொல்லாதவர் கிடையாது. அவர் புரோகிராம் எழுதிய பம்பாய்த் துணி மில்லின் கம்ப்யூட்டர் அறையில்தான் அட்டைகளில் துளை போடும் வேலை எனக்கு. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அறுபத்தேழாம் வருஷத்துக்குப் பிறகு யாராவது அந்த வார்த்தையைச் சொன்னால் அவர் முகமே சுருங்கிவிடும்.

அந்த வருஷம் பத்லிகளை நிரந்தரமாக்கும் பட்டியலை மெஷினே போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. வேலைக்கு வராதவன் இடத்தில் நிற்பவன் பத்லி. அவனுக்கு நிலையான எண் கிடையாது, பெயர்தான் அடையாளம். மராட்டியர்களுக்குக் குடும்பப் பெயர் உண்டு. தாராவித் தமிழர்களுக்கு அப்பா பெயரின் முதலெழுத்து மட்டும்தான். அந்த இனிஷியலைப் பார்த்து ஆளைப் பிரித்தறியப் புரோகிராமில் தனிப் பகுதியே எழுதியிருந்தார் மகாதேவன். அவருக்கு அந்தத் தொல்லை இல்லை. பம்பாய்க்கு வந்த அன்றே குடும்பப் பெயர் கேட்ட இடத்தில் 'ஐயர்' என்று போட்டுவிட்டார்.

மெஷினின் நினைவிடம் சின்னது, எழுதியதையெல்லாம் ஏற்ற முடியாது. அதனால் புரோகிராம் அட்டைக்கட்டின் தலைப்பில் ஸ்விட்ச் கார்டு என்று ஒன்று வைப்போம். ஒரு பகுதிக்கு உரிய இடத்தில் துளை இருந்தால், புரோகிராம் மெஷின் மொழிக்கு மாறி கம்பைல் ஆகும்போது அந்தப் பகுதியும் சேரும். துளை இல்லையென்றால் அது எழுதப்படாத மாதிரிதான்.

கடைசி நேரத்தில் மேனேஜர் வந்தார். பட்டியலின் தலைப்பில் மில்லின் பெயர் பெரிதாக, சுற்றிலும் நட்சத்திரக் கரையோடு வர வேண்டுமாம். டைரக்டர்கள் பார்ப்பார்களாம். நட்சத்திரத்துக்கு இடம் போதவில்லை. இனிஷியல் துளை இல்லாமல் வேறு ஸ்விட்ச் கார்டு அடிக்கச் சொன்னார் மகாதேவன். தாராவிக்காரர்கள் என்ன ஆவார்கள் என்று கேட்டேன். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால்தானே வம்பு என்றார்.

மாடுங்காவிலிருந்து தாராவி கூப்பிடு தூரம். ஆனால் அங்கே குலதெய்வத்தின் பெயரை வீட்டுக்கு வீடு வைப்பார்கள் என்பது இந்தப் படித்த மனிதருக்குத் தெரியவில்லை. பி. இசக்கி, எஸ். இசக்கி என்று இரண்டு அட்டைகள். இனிஷியல் போனதும், ஒரே அட்டை இரண்டு தடவை வந்துவிட்டதென்று மெஷின் இரண்டாவதைத் தள்ளிவிட்டது.

தள்ளப்பட்டவன் சுயம்புவின் மகன். பல வருஷமாக பத்லி. இந்தத் தடவை நிச்சயம் என்று, மில்லுக்கு ஆள் எடுக்கும் மேஸ்திரியான ஜாபர் சொன்னதை நம்பி, அவன் மனைவி பேராச்சி அக்கம்பக்கத்துக்கெல்லாம் பேடா கொடுத்துவிட்டாள். மகாதேவன் மேனேஜரிடம் ஓடினார். டைரக்டர்கள் கையெழுத்துப் போட்ட பட்டியல், மாற்ற முடியாது என்ற அந்த மனிதர் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கக்கூட இல்லை.

மறுநாள் இசக்கி எங்கள் அறை வாசலுக்கு வந்தான். மெஷின் தப்பு என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பான். மகாதேவனுக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே, இனிஷியலை எடுக்கச் சொன்னது தான்தான் என்றார்.

"அப்ப எங்க அய்யா பேரத்தான் எடுத்திருக்கிய, இல்லியா சார்?"

"ஆமாம்ப்பா. மகா பாவம் பண்ணிட்டேன்."

இசக்கி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எங்கள் இருவருக்கும் நன்றாக இருந்திருக்கும். கொஞ்சம் யோசித்துவிட்டு, பணிவாக, உண்மையாகவே யோசனை கேட்பவனாகக் கேட்டான்.

"அடுத்த தடவைக்கு நானும் ஒங்கள மாதிரி பேருக்குப் பின்னால எதையாச்சும் போட்டுக்கிடட்டுமா சார்? என்ன போட்டா எடுக்க மாட்டிய?"