பாலனை வைக்கும் கை

டிசம்பர் பிறந்து பத்து நாளாவதற்குள் பெங்களூர் மர்பி டவுனில் எங்கள் சந்தில் வீட்டுக்கு வீடு நட்சத்திரம் ஏறிவிடும். எனக்குப் பொம்மசந்திராவில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை. அட்டைப்பெட்டியில் அச்சு சரியாக விழுந்திருக்கிறதா, ஓரம் மடங்கியிருக்கிறதா என்று நாள் முழுக்கப் பார்த்துப் பார்த்து, எதைக் கண்டாலும் குறை தேடுகிற கண்ணாகிவிட்டது. சாயங்காலம் கம்பெனி பஸ் மெயின் ரோட்டில் இறக்கிவிட்டால், வீடு போய்ச் சேருவதற்குள் எல்லார் வீட்டு அலங்காரத்தையும் ஒரு நோட்டம் விட்டுவிடுவேன். அடுத்தவர் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம் இல்லைதான். கதவையும் திறந்து வைத்து, விளக்கையும் போட்டு வைத்துவிட்டு, பார்க்காதே என்றால் எப்படி?

சந்து முனையில் புதிதாக எழும்பிய மூன்று மாடி வீட்டில் மேலிருந்து கீழ்வரை சீரியல் லைட் தொங்கும். கல்யாண மண்டபம் என்று நினைத்து யாராவது மொய்க் கவரோடு ஏறிவிடப் போகிறார்கள் என்று நான் ஒவ்வொரு வருஷமும் சொல்வேன். என் கணவர் ஒவ்வொரு வருஷமும் சிரிப்பார். அதற்கடுத்தது புராட்டஸ்டண்ட் குடும்பம். சுரூபம், சிலை எதுவும் வைக்க மாட்டார்கள். ஒரு மரம், ஒரு வெள்ளை நட்சத்திரம், வாசற்கதவில் ஒரு வசனம், அவ்வளவுதான். அதற்கு எதிரே இருக்கும் பெந்தெகொஸ்தே வீட்டில் அதுகூடக் கிடையாது. ஜோடனையெல்லாம் உலகத்து ஆடம்பரம் என்பார்கள். ஆனால் அந்த வீட்டுப் பிள்ளைகள் படியில் உட்கார்ந்துகொண்டு மூன்று மாடி வீட்டு விளக்குகளை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நாங்கள் கத்தோலிக்கர்கள். இயேசு பிறந்த மாட்டுத்தொழுவத்தைப் பொம்மைகளோடு காட்டுகிற குடில் இல்லாமல் எங்களுக்குக் கிறிஸ்துமஸ் இல்லை. பழுப்புத் தாளைக் கசக்கிப் பாறை செய்ய வேண்டும், வைக்கோல் வேண்டும், புல்லுக்காக பிஸ்கட் டப்பா மூடிகளில் ராகி தெளிக்க வேண்டும். பெங்களூர்க் குளிரில் ராகி லேசில் தலை காட்டாது. ஈரத்துணி போர்த்தி அடுப்படியில் வைத்துக் கெஞ்ச வேண்டும்.

ஒரு வீட்டுக் குடிலைப் பார்த்தால் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு என்ன வயது என்று சொல்லிவிடுவேன். பொடிசுகள் இருக்கிற வீட்டில் மூன்று ராஜாக்களுக்குப் பக்கத்தில் ஒரு டைனோசர் நிற்கும். சூசையப்பரின் கைத்தடி காணாமல் போயிருக்கும், அவர் கையில் தீக்குச்சி இருக்கும். மாட்டுக்குக் கொம்பு இருக்காது. பையன்கள் கொஞ்சம் வளர்ந்துவிட்டால் மீன் தொட்டி மோட்டாரை வைத்து அருவி விடுவார்கள், தரையெல்லாம் தண்ணீர் ஓடும், அம்மாக்காரி கத்துவது ரோடு வரைக்கும் கேட்கும். பிள்ளைகள் கனடா, ஆஸ்திரேலியா என்று போய்விட்ட வீடுகளில் கடையில் வாங்கிய சின்னக் குடில் ஒன்று டி.வி. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.

எங்கள் வீட்டுக் குடிலில் ஒன்றுகூட உடைந்ததில்லை. கல்யாணமான வருஷம் சிவாஜிநகரில் வாங்கிய சுரூபங்கள். ஆட்டுக்குட்டிகளுக்குக் காது முழுசாக இருக்கிறது. ஒட்டகத்துக்கு நாலு காலும் இருக்கிறது. "எவ்ளோ நீட்டா வச்சிருக்கீங்க" என்று வருகிறவர்கள் பாராட்டுவார்கள். அதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காபி கொடுத்து அனுப்பிவிடுவேன்.

குடில் தயாரானாலும் குழந்தை இயேசுவின் சுரூபத்தை உடனே வைக்கக் கூடாது. அதைப் பாலன் என்போம். இருபத்துநாலாம் தேதி வரைக்கும் பாலன் பஞ்சுக்குள் பத்திரமாக பீரோவில் இருப்பார், அவரைக் கிடத்துகிற தீவனத் தொட்டி, அதாவது முன்னணை, காலியாக இருக்கும். இது எல்லாக் கத்தோலிக்க வீட்டிலும் உண்டு. எங்கள் வீட்டில் கூடுதலாக ஒன்று உண்டு: வீட்டிலேயே வயதில் சின்னவர் யாரோ அவர்தான் பாலனை வைக்க வேண்டும். இந்த வழக்கம் என் மாமியாரோடு வந்தது. அவர் கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளிகளின் லைன் வீட்டில், ஏழு பிள்ளைகளுக்குக் கடைசியாகப் பிறந்தவர்.

நான் ஜோகுபாளையத்திலிருந்து கல்யாணமாகி வந்த முதல் கிறிஸ்துமஸில் மாமியார் பாலனை என் கையில் கொடுத்தார். என் கணவர் ஒரே பிள்ளை. அதுவரைக்கும் அவர்தான் வைத்துக்கொண்டிருந்தாராம். "அப்பாடா, மீசை நரைக்கிறதுக்கு முன்னாடி ரிடையர் ஆயிட்டேன்" என்றார். மாமியார் சிரித்துக்கொண்டே, "அவளுக்கும் சீக்கிரம் ரிடையர்மென்ட் குடுத்துருவோம். அடுத்த வருஷம் வேற கை வெக்கும் பாரு" என்றார். எனக்கு வெட்கம் தாங்கவில்லை. பாலனை வைத்துவிட்டு அடுப்படிக்கு ஓடிவிட்டேன்.

அடுத்த வருஷமும் நான்தான் வைத்தேன். அதற்கடுத்த வருஷமும். டாக்டர்கள், ஊசிகள், வேளாங்கண்ணி, தொட்டில் கட்டுவது, எல்லாம் நடந்தது. ஒரு தடவை மூன்று மாதம் வரைக்கும் நின்றது. தத்தெடுப்பதைப் பற்றிப் பேசினோம். பேசிப் பேசியே வயது ஓடிவிட்டது. மாமியார் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் "அடுத்த வருஷம்" என்று சொல்வார். குத்திக்காட்டுகிற சுபாவம் அவருக்கில்லை. எனக்குத் தெம்பு சொல்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு வருஷம் ஒன்றும் சொல்லாமல் பாலனை என் கையில் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். சொன்ன வருஷங்களைவிட அந்த வருஷம்தான் அதிகமாக வலித்தது.

எங்கள் எதிர்வீட்டில் ஒரு இந்துக் குடும்பம். அந்தத் தம்பிக்கு டைல்ஸ் போடுகிற வேலை, இரண்டு சின்னப் பிள்ளைகள். சந்திலேயே முதல் நட்சத்திரம் அவர்கள் வீட்டில்தான் ஏறும். கொலுப்படியில் ஒன்றைத் தனியாக எடுத்துப் போட்டு, குடிலும் வைப்பார்கள். செட்டியார் பொம்மைக்கும் அவர் பெண்டாட்டிக்கும் இடையர்களோடு இடம் உண்டு. நாலைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் அந்தத் தம்பியின் மனைவி என்னைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

"என்னாக்கா, எங்க குடிலு எப்டி இருக்குது?"

"சூப்பரா இருக்கு. ஆனா பாலனை இப்பவே வச்சிட்டியே. இருபத்துநாலாம் தேதி வரைக்கும் காலியாத்தான் விடணும்."

"ஐயோ, வெறும் தொட்டில வீட்ல வெக்கக் கூடாதுக்கா. எங்கம்மா திட்டும். அப்புறம் வீட்டுல..." என்று ஆரம்பித்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "சும்னே சொன்னேங்கா. காபி குடிக்கிறியா?" என்றாள்.

குடித்தேன். அவள் மேல் எனக்கு வருத்தம் இல்லை, நல்ல பெண். ஆனால் வீட்டுக்கு வந்து எங்கள் குடிலைப் பார்த்தபோது காலி முன்னணையைப் பார்க்கவே முடியவில்லை. கொஞ்சம் வைக்கோலை அள்ளி அதில் நிரப்பி வைத்தேன்.

மாமியாருக்கு மறதி ஆரம்பித்து இப்போது மூன்று வருஷமாகிறது. முதலில் கண்ணாடியையும் சாவியையும் தொலைத்தார். பிறகு நாங்கள் யார் என்பது தொலைந்தது. என்னை ஒரு நாள் நர்ஸ் என்பார், ஒரு நாள் வாடகைக்கு வந்த பெண் என்பார். பெங்களூரே அவர் நினைவிலிருந்து போய்விட்டது. சாயங்காலமானால் வாசலுக்கு வந்து, "அப்பா ஷிப்ட் முடிஞ்சு வந்துட்டாரா?" என்று கேட்பார். தங்கவயல் லைன் வீட்டில் ஆறேழு வயதுப் பெண்ணாக இருந்த காலம் மட்டும் அவரிடம் கலையாமல் மிச்சம் இருந்தது.

போன கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், அவரைத் தனியாக விட முடியாது என்பதால் சாயங்காலப் பூசைக்கு நான் மட்டும் போய்விட்டு வந்தேன். வந்ததும் பீரோவைத் திறந்து பாலனை எடுத்தேன். மாமியார் குடிலுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து ராகிப் பயிரைத் தடவிக்கொண்டிருந்தார். நான் குனிந்து வைக்கப் போனபோது என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"நான் வெப்பேன்!"

"அம்மா, அவதாம்மா வெக்கணும்" என்று என் கணவர் சமாதானம் சொல்லப் பார்த்தார்.

"இந்த மாமாவைப் போச் சொல்லு" என்று உதட்டைப் பிதுக்கி அழ ஆரம்பித்துவிட்டார். பெற்ற பிள்ளை மாமாவாகி ஒரு ஓரமாக நின்றார். பிறகு மாமியார் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். "அம்மா, நான்தானே சின்னவ? சொல்லேம்மா."

நர்ஸையும் வாடகைக்கு வந்தவளையும் அவர் "ஏம்மா" என்று கூப்பிடுவதுண்டு. இது அதில்லை. பெற்றவளிடம் சலுகையாகக் கேட்கிற குரல்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. சுரூபத்தை என் கை விடவில்லை. இத்தனை வருஷம் வேண்டாவெறுப்பாகச் செய்த வேலை, விட்டது சனியன் என்று கொடுத்திருக்க வேண்டியதுதானே? முடியவில்லை. பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் துண்டைப் போட்டு இடம் பிடித்து வைப்பார்களே, அப்படி ஒரு பிள்ளைக்காக நான் பிடித்து வைத்திருந்த இடம் அது. வேறொருவருக்கு விட்டுக்கொடுத்தால், அந்தப் பிள்ளை இனி வரப்போவதில்லை என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். எனக்கு வயது நாற்பத்தைந்து. டாக்டர் சொல்லியும், என் கணவர் ஜாடையாகச் சொல்லியும் நான் அதை ஒப்புக்கொண்டதே இல்லை.

மாமியாருக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. பிடித்த மணிக்கட்டை விடவில்லை. பாவம், அவர் எதையும் பிடுங்கிக்கொள்ளவில்லை. அவர் கணக்கில் அது அவருடைய முறை.

"நீதான் கண்ணு சின்னவ" என்றேன். அவரிடம் ஒரு நாளும் ஒருமையில் பேசியதில்லை, தானாக வந்துவிட்டது. உள்ளங்கையை விரித்தேன். "பாத்து, மெல்ல வை."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். என் கணவர் அவர் தோளைப் பிடித்துக்கொள்ள, குனிந்து வைத்தார். பாலன் கோணலாக, ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தார். சரி பண்ணப் போன கையை அடக்கிக்கொண்டேன்.

"நல்லா வச்சேனாம்மா?"

"நல்லா வச்சே."

திருப்தியாகத் தலையாட்டிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தார், பக்கத்தில் உட்கார்ந்த என் தோளில் சாய்ந்துகொண்டார். ஒரே ஒரு தடவையாவது ஒரு பிள்ளை என்னை அம்மா என்று கூப்பிட வேண்டும் என்று எத்தனை கோவில் படியில் முட்டி போட்டிருப்பேன்! என்ன வயதுப் பிள்ளை என்று சொல்லாமல் விட்டுவிட்டேன் போலிருக்கிறது. சிரிக்கலாம் என்றுதான் நினைத்தேன். அழுகைதான் வந்தது. என் கணவர் எதிரே நிற்கிறார் என்றுகூடப் பார்க்காமல், எனக்குப் பிறக்காமல் போன பிள்ளைக்காக அன்றைக்குத்தான் முதல் தடவையாக வாய்விட்டு அழுதேன்.

மாமியார் திகைத்துப் போய் நிமிர்ந்து உட்கார்ந்தார். தன் புடவைத் தலைப்பால் என் கன்னத்தை அழுத்தித் துடைத்தார்.

"ஏம்மா அழுவுறே? அதான் நான் இருக்கேன்ல?" என்றார்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.