கொச்சிக்கு முக்கால் மணி நேரம்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் சின்னமனூர் ஏலக்காய் வியாபாரிகளில் முதலில் விமானம் ஏறியவன் யாரென்று கேட்டால் என்னைத்தான் கை காட்டுவார்கள். காட்டாவிட்டால் நானே சொல்லிவிடுவேன்.

எழுபதுகளில் ஒரு வருஷம், மட்டாஞ்சேரியில் ஏற்றுமதி செய்யும் முதலாளி ஒருவர், புதுக்காயின் மாதிரியை யார் முதலில் கொண்டுவந்து காட்டுகிறார்களோ அவருக்கே அந்த வருஷத்து ஆர்டர் என்று சொல்லியனுப்பினார். எனக்குப் போட்டி என் மனைவியின் அண்ணன். அவரும் ஏலக்காய் வியாபாரிதான், பி.ஏ. படித்தவர்.

மச்சான் குமுளி வழியாக பஸ்ஸில் போவதாக முடிவு செய்தார். மலை ஏறி இறங்க எட்டு மணி நேரம். நான் மகளின் அட்லசை வாங்கி, மதுரைக்கும் கொச்சிக்கும் நடுவே நூல் பிடித்து அளந்தேன். நூற்றிருபது மைல் சொச்சம். விமானத்துக்கு முக்கால் மணி நேரம். இதைக் கண்டுபிடிக்க பி.ஏ. எதற்கு?

காலை ஐந்து மணிக்கு இருவரும் ஒரே பஸ் ஸ்டாண்டில் ஏறினோம். அவர் பஸ் கம்பம் பக்கம் பார்த்து நின்றது, என் பஸ் தேனி பக்கம். ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"மாப்ள, கொச்சி மேக்க இருக்கு. நீங்க கெழக்க போறீக."

"திரும்பி வரத்தான மச்சான் அதுக்கு ரெக்கை வச்சிருக்காக."

ஆண்டிபட்டி, உசிலம்பட்டி, மதுரை, அங்கிருந்து விமான நிலையம். பன்னிரண்டே காலுக்குத்தான் விமானம் கிளம்பியது. ஜன்னலோரம் கேட்டு வாங்கி உட்கார்ந்தேன். கால் மணி நேரம் ஆகியிருக்கும், கீழே வாழைத்தோட்டம், முல்லையாறு, அப்புறம் என் வீடு. என் வீடேதான். தெருவில் இரண்டு மாடி வைத்துக் கட்டியவன் நான் ஒருத்தன்தான். மாடியில் மனைவி காயப்போட்ட மிளகாய்கூடத் தெரிந்தது.

அப்போதுதான் உறைத்தது. ஏழரை மணி நேரம் பயணம் செய்து என் வீட்டுக்கு மேலே வந்து சேர்ந்திருக்கிறேன். மச்சான் இந்நேரம் வைக்கம் தாண்டியிருப்பார். நூலை நான் மதுரையிலிருந்து பிடித்தேனே தவிர, சின்னமனூரிலிருந்து பிடிக்கவில்லை.

முதலாளி சரக்கு அடுக்கும் கிட்டங்கிக்குள் நுழைந்தபோது மச்சான் நாற்காலியில் சாய்ந்திருந்தார். பத்து நிமிஷம் முந்திவிட்டார். முதலாளி அவர் பையைப் பிரித்து ஒரு கை அள்ளி முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார்.

"இது ஏலக்காயோ, மத்தியோ?"

கோட்டயத்தில் ஏறிய மீன்காரம்மா கூடையை மச்சான் சீட்டுக்கடியில், அவர் பையை ஒட்டி வைத்திருக்கிறார். பக்கத்தில் எது இருந்தாலும் அந்த வாசத்தை இழுத்துக்கொள்ளும் சரக்கு ஏலக்காய். மத்தி மீனை விட்டுவைக்குமா? என் பையை முகர்ந்துவிட்டு முதலாளி ஆர்டர் எனக்குத்தான் என்று கை கொடுத்தார்.

திரும்பும்போது இருவரும் ஒரே பஸ். மச்சானின் பை அப்போதும் மணத்ததால் கண்டக்டர் அவரைக் கடைசி சீட்டுக்கு அனுப்பிவிட்டார். நானும் எழுந்து பின்னால் போனேன். விமானத்தில் போன கதையைக் குமுளி வரை சொல்ல, அந்த பஸ்ஸில் எனக்கு வேறு யாரைத் தெரியும்?