டோன்யா ஹெர்மினியாவின் ஆரஞ்சு அங்கி

"உங்க தலைவர் யாரு?" என்று எங்களை மீட்க வந்த கப்பலின் கேப்டன் கேட்டார்.

டோன்யா, அதாவது அம்மா என்று நாங்கள் மரியாதையாகக் கூப்பிடும் ஹெர்மினியா, மீனைப் பங்கு வைத்ததும் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொள்வார். ஒருவர் ஒரு கூறைத் தொட்டு, "இது யாருக்கு?" என்பார். அவர் பார்க்காமலே ஒரு பெயர் சொல்வார். தன் பெயருக்கு வால்துண்டே வந்தாலும் முணுமுணுக்க மாட்டார்.

ஹோண்டுராஸிலிருந்து கிளம்பிய எங்கள் படகு பாறையில் மோதி உடைந்து, பதினேழு பேர் ஆளில்லாத மணல்திட்டில் ஒதுங்கினோம். இனி நமக்குள் தலைவரே கிடையாது என்று முதல் வாரமே சட்டம் போட்டோம். அந்தச் சட்டத்துக்குக் காவல், படகின் சமையல்காரரான ஹெர்மினியா. ஒருவர் பேச்சை எல்லோரும் தொடர்ந்து மூன்று முறை கேட்டுவிட்டால் அவர் தலைவராகிவிடுவார் என்பது அவர் கணக்கு. படகிலிருந்த ஒரே ஆரஞ்சு மிதவை அங்கியைக் கொண்டுவந்து அவருக்கு மாட்டிவிடுவார். மாட்டியவர் மறுநாள் பொழுது சாயும்வரை வாய் திறக்கக் கூடாது.

பள்ளி முடித்த கர்வத்தில் நானும் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். "வாடா படிச்ச புள்ள, புத்தி முத்திப்போச்சு. உள்ள கிடந்து கொஞ்சம் வேகு!" என்று வாரை இறுக்கினார்.

எட்டாவது மாதம். நார்மாவின் நாலு வயது மகன் டிட்டோ காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தான். மழைநீர் பிடிக்க மூன்று முறை சரியான வழி சொன்ன குற்றத்துக்காக, மெக்கானிக் உலிசெஸ் அங்கிக்குள் இருந்தார். திடீரென்று கடலைக் காட்டிக் குதித்தார். தூரத்தில் ஒரு கப்பல்.

"கையால காட்டுறதும் பேச்சுதானே?" என்றார் ஒருவர்.

"கூட்டம் போட்டுப் பேசுவோம்," என்றார் இன்னொருவர்.

கொட்டகையில் உட்கார்ந்தே விட்டோம். கப்பல் சிறுத்துக்கொண்டே போனது. "டோன்யா..." என்று நார்மா மகனைத் தூக்கிக் காட்டினாள்.

ஹெர்மினியா கரண்டியை வைத்தார். "எந்திரிங்கடா! கொட்டகையைக் கொளுத்துங்க!"

இரண்டு மாதம் பாடுபட்டுக் கட்டிய கொட்டகை. கொளுத்தினோம்.

"பச்சை மட்டையை மேல போடுங்க, புகையட்டும்!" போட்டோம்.

"சட்டையைக் கழட்டி ஆட்டுங்க!" ஆட்டினோம்.

அடர்ந்த புகை வானத்தை முட்டியது. கப்பல் மெதுவாகத் திரும்பியது. அவ்வளவு பெரிய ஒன்றை ஒரு மனுஷியின் குரல் திருப்பியதைப் பார்த்து எனக்கு உடம்பு சிலிர்த்தது.

கப்பல் மருத்துவர் டிட்டோவின் வாயில் மருந்தை ஊற்றினார். அவன் இருமிக்கொண்டே கண் திறந்தான். அப்போதுதான் கேப்டன் அந்தக் கேள்வியைக் கேட்டார். நாங்கள் எல்லோரும் ஹெர்மினியாவைத் திரும்பிப் பார்த்தோம்.

அவர் உலிசெஸின் அங்கியை அவிழ்த்துத் தானே மாட்டி, வாரை இறுக்கி, உதடுகளை அழுத்தி மூடிக்கொண்டார்.

அவர் வாயால் இது வெளியே வராது. நீங்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள்.