பக்கத்து எண்

இதை இத்தனை வருஷம் யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவிக்குக்கூடத் தெரியாது. வெட்கம்தான் காரணம். வேறு எந்தப் பெரிய காரணமும் சொல்லி என்னை நானே தூக்கி நிறுத்திக்கொள்ளப் போவதில்லை.

2004-ல் பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எனக்கு ஒரு கடை இருந்தது. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஸ்கேனர். கல்யாணப் பத்திரிகை, பயோடேட்டா, ரேஷன் கார்டு மனு என்று கிடைத்ததையெல்லாம் அடித்துக் கொடுப்பதுதான் பிழைப்பு. ஆனால் போர்டில் ‘வெப் டிசைனிங்’ என்பதைத்தான் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தேன். அரியலூரில் ஒரு மாடியறையில் ஆறு மாதக் கோர்ஸ் படித்த தைரியம். "வெப்சைட்டுன்னா என்னங்க?" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், எரிந்து விழுவேன். அவ்வளவு தலைக்கனம். விவரம் குறைவாக இருக்கிறவனுக்குத்தான் கோபம் சீக்கிரம் வரும் என்று இப்போது தெரிகிறது.

எனக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை ஒரு லேடி டாக்டரின் ஆஸ்பத்திரிக்கு வெப்சைட் செய்தது. குழந்தை இல்லாதவர்களுக்கு வைத்தியம் பார்க்கிறவர். வேப்பந்தட்டை, அரும்பாவூர், லப்பைக்குடிக்காடு என்று சுற்றுப்பட்ட எல்லா ஊரிலிருந்தும் பெண்கள் வருவார்கள். பாதிப் பேரின் கணவர்கள் வளைகுடாவில் இருந்தார்கள். இரண்டு மாத லீவில் வந்து, பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு, முடிவு வருவதற்குள் விமானம் ஏறிவிடுவார்கள். பிறகு அங்கிருந்து டாக்டருக்குப் போன் மேல் போன். அதனால் ரிப்போர்ட்டுகளை வெப்சைட்டில் ஏற்றிவிட்டால் அவரவர் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம் என்பது டாக்டரின் யோசனை.

வேலையைக் கொடுத்த அன்று அவர் ஒன்றுதான் சொன்னார். "இந்தக் கதவச் சாத்திட்டு நான் பேசறது வெளிய போகக் கூடாது தம்பி. போனா ஒரு குடும்பமே ஒடஞ்சிடும். மத்ததெல்லாம் எப்படி வேணா இருக்கட்டும், அத மட்டும் பாத்துக்குங்க."

"பாஸ்வேர்டு போட்டுடுவேன் மேடம். ஈ, எறும்பு நுழைய முடியாது" என்றேன்.

அந்த ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷமாக வேலை பார்த்த நர்ஸ் ஒருவர் இருந்தார். கணவர் இல்லை, ஒரே மகள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். எனக்கும் அவருக்கும் அரியலூர்தான் ஊர். தினமும் ஒரே பஸ்ஸில் பெரம்பலூர் வருவோம். நான் அவரை சிஸ்டர் என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். பஸ்ஸில் பெண்கள் அவரைச் சும்மா விடமாட்டார்கள். "அந்த மேலத்தெரு பொண்ணு உங்க ஆஸ்பத்திரிக்குத்தானே வருது? யாருகிட்டக் கொறயாம்?" என்று குடைவார்கள். "தெனம் நூறு பேரு வர்றாங்கக்கா, மொகமே ஞாபகம் இருக்க மாட்டேங்குது" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். ஒவ்வொரு முகமும், எத்தனையாவது மாதம் யாருக்கு என்ன மாத்திரை என்பதும் அவருக்கு மனப்பாடம் என்று எனக்குத் தெரியும். "சிஸ்டர்கிட்ட சொன்னா கெணத்துல போட்ட கல்லு" என்று நோயாளிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதைச் சொத்து மாதிரி வைத்திருந்தார்.

தினம் மத்தியானம் ரிப்போர்ட்டுகளை ஒரு காக்கி உறையில் போட்டு என் கடைக்கு அவரே எடுத்து வருவார். நான் ஸ்கேன் செய்து ஏற்றுவேன். ஒவ்வொரு நோயாளிக்கும் ஓ.பி. சீட்டில் ஒரு எண் உண்டு. அந்த எண்ணையும் ஒரு ரகசியச் சொல்லையும் அடித்தால்தான் ரிப்போர்ட் திறக்கும். ரகசியச் சொல்லைச் சின்னத் துண்டுக் காகிதத்தில் எழுதி, சீட்டோடு பின் பண்ணிக் கொடுப்பது சிஸ்டரின் வேலை. முத்து முத்தான கையெழுத்து.

முதல் மூன்று மாதம் ஒழுங்காக நடந்தது. பிறகு ஆரம்பித்தது தொல்லை. துண்டுக் காகிதம் தொலைந்துவிடும். மனைவி ஃபோனில் எழுத்துச் சொல்ல, கணவர் வேறு ஏதோ அடிக்க, திறக்காது. எல்லோரும் என் கடை நம்பருக்குக் கூப்பிட்டுத் திட்டுவார்கள். ஒருநாள் ஒருவர் அரை மணி நேரம் கத்தினார். ஃபோனை வைத்த கையோடு உட்கார்ந்து ரகசியச் சொல்லைக் கேட்கிற பகுதியையே எடுத்துவிட்டேன். எண் மட்டும் போதும், திறந்துவிடும். கால் மணி நேர வேலை. டாக்டரிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார் என்று தெரிந்ததால்தான் சொல்லவில்லை.

சிஸ்டரிடம் மட்டும், "இனிமே துண்டுச் சீட்டு எழுத வேணாம் சிஸ்டர், உங்களுக்கும் வேலை மிச்சம்" என்றேன்.

"அப்பப் பூட்டு?" என்று கேட்டார்.

"அதெல்லாம் உள்ள இருக்கு. கம்ப்யூட்டர் சமாச்சாரம் உங்களுக்குப் புரியாது."

அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஒன்றை நான் யோசிக்கவே இல்லை. எங்கள் பக்கத்தில் ஒரு பெண் இந்த வைத்தியத்துக்குத் தனியாக வரமாட்டாள். அதே தெருவில் அதே கவலையோடு இருக்கும் இன்னொருத்தியைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டுதான் பஸ் ஏறுவாள். இருவரும் ஒன்றாக வரிசையில் நிற்பார்கள், அடுத்தடுத்த எண் வாங்குவார்கள். மெட்ராஸில் பக்கத்து எண் யாரோ ஒருவருடையது. இங்கே பக்கத்து எண் பக்கத்து வீடு. போதாக்குறைக்கு ஆள் மாறிவிடக் கூடாது என்று ரிப்போர்ட்டின் தலையில் கணவன் பெயரையும் ஊர்ப் பெயரையும் போடுகிற வழக்கம் வேறு.

அரும்பாவூர்ப் பக்கத்து ஊரிலிருந்து அப்படி இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்திக்கு 611, இன்னொருத்திக்கு 612. இருவரின் கணவர்களும் வளைகுடாவில் ஒரே அறையில் தங்கியிருந்தவர்கள். 612-ல் இருந்தது கணவனின் ரிப்போர்ட். குறை அவனிடம்தான், மருந்தால் தீராது என்று அதில் இருந்தது. அது அந்தக் கணவனுக்கும் மனைவிக்கும் டாக்டருக்கும் சிஸ்டருக்கும் மட்டும் தெரிந்த விஷயம். ரிப்போர்ட்டை ஏற்றியவன் என்ற முறையில் எனக்கும். ஊரில் மலடி என்ற பேச்சை அந்தப் பெண்தான் வாங்கிக்கொண்டிருந்தாள். அவனுக்காக வாங்கிக்கொள்கிறேன் என்று டாக்டரிடம் அவளே சொன்னாளாம்.

ஒரு வெள்ளிக்கிழமை 611-ன் கணவன் தன் மனைவியின் ரிப்போர்ட்டைப் பார்த்திருக்கிறான். பிறகு சும்மா ஒரு எண்ணை மாற்றி அடித்திருக்கிறான். அன்றைக்கே அறையில் பத்துப் பேருக்கும் தெரிந்துவிட்டது. எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, ஊரிலிருந்து சேதி வந்தது என்று சொல்லிவிட்டான். 612-ன் கணவன் மனைவிக்கு ஃபோன் போட்டு, "யாருகிட்டடி சொன்ன?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு வைத்தவன், அதன்பின் அவளோடு பேசவில்லை. மாமியார் அவளைத் தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். அவளுடைய அண்ணன் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து, தங்கச்சி யாரிடமும் சொல்லவில்லை, இங்கிருந்துதான் வெளியே போயிருக்கிறது என்று சத்தம் போட்டான்.

டாக்டர் எனக்கு ஃபோன் செய்தார். "நம்ம வெப்சைட்ட வேற யாராச்சும் பாக்க முடியுமா தம்பி? பதினோரு மணிக்கு வாங்க, பேசணும்."

மணி அப்போது ஒன்பதரை. எந்த எண் எப்போது திறக்கப்பட்டது என்ற பதிவை எடுத்துப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை 611, அடுத்த நிமிடமே 612, இரண்டும் ஒரே இடத்திலிருந்து. பயந்துபோனேன். அந்தப் பெண்ணை நினைத்து அல்ல, என் பெயர் கெட்டுவிடுமே என்றுதான். அதைத்தான் இன்றைக்கும் ஜீரணிக்க முடியவில்லை. ஒரு மணி நேரத்தில் பழைய பூட்டை மறுபடி மாட்டினேன். ரகசியச் சொல்லுக்குப் பதிலாக, சீட்டில் எழுதியிருக்கும் ஃபோன் நம்பரைக் கேட்கும்படி செய்தேன். வெள்ளிக்கிழமைப் பதிவை அழித்தேன். பிறகு முகத்தைக் கழுவி, தலை சீவிக்கொண்டு போனேன்.

டாக்டர் அறையில் சிஸ்டரும் நின்றிருந்தார். டாக்டரின் கம்ப்யூட்டரில் நானே உட்கார்ந்து 612 என்று அடித்தேன். ஃபோன் நம்பர் கேட்டது. ஏதோ ஒரு நம்பரை அடித்தேன். ‘தவறு’ என்று வந்தது. இன்னொன்று அடித்தேன். ‘தவறு’.

"வாய்ப்பே இல்ல மேடம்" என்றேன். குரல் நடுங்கவில்லை.

சிஸ்டர் மெதுவாகக் கேட்டார். "இப்பல்லாம் துண்டுச் சீட்டு எழுதறதில்லயே தம்பி?"

"அதுக்குப் பதிலாத்தானே சிஸ்டர் போன் நம்பர வெச்சிருக்கேன். உள்ள இருக்குன்னு சொன்னேனே அன்னைக்கே."

"ஆமா, சொன்னீங்க" என்றார்.

டாக்டர் கெட்டவர் இல்லை. ஆனால் கணக்கு அவருக்கு எளிதாகப் போய்விட்டது. ஆஸ்பத்திரிப் பக்கம் விஷயம் இருந்தது மூன்று இடத்தில்: அவரிடம், சிஸ்டரிடம், கம்ப்யூட்டரில்; என்னைக் கம்ப்யூட்டரோடு சேர்த்துவிட்டார். அவர் சொல்லவில்லை, கம்ப்யூட்டர் சொல்லவில்லை. "நாளையிலேருந்து வர வேணாம்மா" என்றார். சிஸ்டர் அழவோ வாதாடவோ இல்லை. திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாளிலிருந்து பஸ்ஸில் அவர் இல்லை. அவரைக் குடைந்த அதே பெண்கள் "ஊமையாட்டம் இருந்துகிட்டு என்ன வேல பாத்திருக்கு பாரு" என்று பேசிக்கொண்டு வந்தார்கள். ஒரு வாரம் கேட்டேன். பிறகு முந்தைய பஸ்ஸுக்கு மாறிக்கொண்டேன்.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு மத்தியானம் சிஸ்டர் கடைக்கு வந்தார். இளைத்திருந்தார். ஜெயங்கொண்டத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆள் எடுக்கிறார்களாம், பயோடேட்டா அடிக்க வேண்டும் என்றார். அரியலூரில் இல்லாத கடையா? "வேற எடத்துல ஏன் நின்னீங்கன்னு கேப்பாங்க. நீங்கன்னா கேக்க மாட்டீங்க" என்றார்.

பெயர், படிப்பு எல்லாம் அடித்தேன். அனுபவம் என்ற இடம் வந்தது. "அந்த ஆஸ்பத்திரி பேரப் போட்டா அங்க போன் பண்ணி விசாரிப்பாங்க இல்ல தம்பி? விட்டுருங்க" என்றார். பதினோரு வருஷத்தை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.

அவரே பேச ஆரம்பித்தார். "தெனம் யோசிச்சுப் பாக்கறேன் தம்பி. உங்க கம்ப்யூட்டர்லேருந்து போகலைங்கறத நானே கண்ணால பாத்துட்டேன். டாக்டரம்மா சொல்ல மாட்டாங்க. அப்ப நான்தானே? அன்னைக்கு ஒறைய ஒட்டாமக் கொண்டாந்தேனோ, வழியில பொட்டிக்கடைல வெச்சுட்டு மகளுக்குப் பேனா வாங்கினேனே, அப்ப யாரும் எடுத்துப் பாத்தாங்களோ, என்னமோ. தூக்கத்துல எதும் ஒளர்றனான்னு மகளக்கூடக் கேட்டுட்டேன்."

நான் எழுத்தின் அளவைப் பெரிதாக்கி, மறுபடி சிறிதாக்கினேன்.

"போன வாரம் அந்தப் பொண்ணோட தாய் வீட்டுக்குப் போய்ட்டு வந்தேன்" என்றார். "உள்ள கூப்புட்டு தண்ணி குடுத்துச்சு. நான்தாம்மா சொல்லிட்டேன், என்னய மன்னிச்சிருன்னு கால்ல விழுந்துட்டேன். ‘நீங்களா சிஸ்டர்? உங்கள நான் அப்படி நெனக்கவே இல்லயே’ன்னு அழுதுச்சு. அது வீட்டுக்காரருக்கும் அங்கேருந்தே போன் போட்டு, ஒங்க சம்சாரம் வாயத் தொறக்கல, நான்தான் ஒளறிட்டேன்னு சொன்னேன். கண்டபடி திட்டுனாரு. திட்டட்டும். இப்ப அதுகிட்டப் பேசறாராம், வூட்டுக்கும் கூட்டிட்டுப் போய்ட்டாங்களாம். இப்பத்தான் தம்பி எனக்குச் சோறு எறங்குது."

சொல்லிவிட்டுப் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் செய்ததைத் தான் செய்ததாக நம்பி, ஊர் தேடிப் போய்க் காலில் விழுந்து, என் பாவத்தால் உடைந்த குடும்பத்தை அவர் ஒட்ட வைத்துவிட்டு வந்திருந்தார். ஒரு வாக்கியம் போதும், "நீங்க இல்ல சிஸ்டர், நான்தான்." அதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. கடையில் எங்கள் இருவரைத் தவிர யாருமில்லை. அவர் என்னைத் திட்டியிருக்க மாட்டார் என்றுகூடத் தோன்றியது.

நான் வாயைத் திறந்தேன்.

"எத்தனை காப்பி எடுக்கட்டும் சிஸ்டர்?" என்று கேட்டேன்.