சகாயராணியும் செட் மாத்திரையும்

சகாயராணி அக்கா அரியமங்கலத்தில் கேஸ் கட்டிங் பட்டறை வைத்திருக்கிறார். இரும்புத் தகடுகளை அளவுக்கு அறுத்துத் தருவது தொழில். கணவர் இறந்த பிறகு அவரே முகமூடி மாட்டிக்கொண்டு கட்டர் பிடித்தார். அறுத்த விளிம்புகளைத் தேய்க்கும் வேலை எனக்கு. ஆஸ்பத்திரிக்குத் துணையாகவும் என்னைத்தான் அழைத்துப் போவார். "இவ கூட வந்தா எனக்குக் காது வலிக்காது" என்பார், வாய் ஓயாத தன் தம்பி ஸ்டீபன்ராஜைப் பார்த்துக்கொண்டே.

போன வருஷம் அவருக்கு நுரையீரலில் புற்றுநோய் கண்டுபிடித்தார்கள். கீமோ முடிந்தும் கட்டி கொஞ்சம் தங்கிவிட்டது. புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் புதிய சிகிச்சை ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அலைந்து திரிந்து அதில் இடம் பிடித்தோம். டாக்டர் நிஷா விளக்கினார்.

"உங்க ரத்தத்துல இருந்து வெள்ளை அணுக்களைப் பிரிச்சு லேப்ல வளர்ப்போம். அதுங்க குட்டிக் குட்டிப் பைகளை வெளியே விடும். சாதாரண மைக்ராஸ்கோப்ல கூட அது தெரியாது. அந்தப் பைகள்ல கட்டியோட அடையாளம் இருக்கற மாதிரி செஞ்சு, தோல்ல ஆறு தடவை ஊசியா போடுவோம். உடம்போட எதிர்ப்பு சக்தி அதைப் பார்த்துட்டுக் கட்டியைத் தேடிப் போகணும். போகுதான்னு பார்க்கத்தான் இந்தச் சோதனை."

"போலீஸ் ஸ்டேஷன் போர்டுல திருடன் போட்டோ ஒட்டற மாதிரி?"

"அதேதான்" என்று டாக்டர் சிரித்தார். "எங்களைக் கேட்காம எந்த மாத்திரையும் சாப்பிடாதீங்க. முக்கியமா ஸ்டீராய்டு. அது போலீஸைத் தூங்க வெச்சுடும்."

அக்கா உறுதியாகத் தலையாட்டினார். அப்படியொரு பெயரைச் சொல்லி அவர் எந்த மாத்திரையும் வாங்கியதே இல்லை.

முதல் ஊசி போட்ட மறுநாள் காய்ச்சல் வந்தது. கை கால் மூட்டெல்லாம் கழன்றுவிட்டதுபோல் வலி. ஸ்டீபன்ராஜ் பயந்துபோய் மெடிக்கலுக்கு ஓடி, செட் மாத்திரை வாங்கி வந்தான். எங்கள் பக்கத்தில் உடம்பு வலி என்றால் அதுதான். பெயர் தெரியாத நாலைந்து மாத்திரைகளைப் பட்டையிலிருந்து கத்தரித்து ஒரு தாளில் மடித்துத் தருவார்கள். அதை மாத்திரை என்றே நாங்கள் நினைப்பதில்லை, டீ குடிப்பதுபோல. இரண்டு நாள் சாப்பிட்டதும் அக்கா எழுந்து கட்டர் பிடித்துவிட்டார்.

இரண்டாவது ஊசிக்குப் போனபோது, அதே சோதனையில் இருக்கும் லக்ஷ்மணன் சார் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். ஸ்ரீரங்கத்துக்காரர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர்.

"நேத்திக்குப் பெருமாளைச் சேவிச்சுட்டு வந்தேன். மூச்சே வாங்கலை, தெரியுமோ?"

"பெருமாளாலயா, ஊசியாலயா சார்?"

"எனக்கென்ன தெரியும்? ரெண்டுக்கும் ஒரு கும்பிடு போட்டுட்டேன்."

உள்ளே நர்ஸ் லிசி எடை பார்த்துக்கொண்டே கேட்டார். "வேற மாத்திரை எதுவும் எடுத்தீங்களா? செட் மாத்திரை கூடச் சொல்லணும். அதுல ஸ்டீராய்டு கலந்திருக்கலாம்."

அக்கா வாயைத் திறப்பதற்குள் ஸ்டீபன்ராஜ் முந்திக்கொண்டான். "ஒண்ணும் எடுக்கல சிஸ்டர்."

அக்காவின் முகம் வெளுத்தது. எடை மெஷினிலிருந்து இறங்கி நேராக வராந்தாவுக்கு வந்தார். அவன் பின்னாலேயே வந்தான்.

"அக்கா, உன் காலைப் பிடிச்சுக் கேட்கறேன், பேசாம இரு. சொன்னா பேரை அடிச்சுடுவாங்க. இதை விட்டா நமக்கு வேற என்ன இருக்கு?"

"தெரியும்டா."

"அப்புறம் என்ன? நல்லது நினைச்சுத்தானே வாங்கிட்டு வந்தேன்."

"உன்னை யாருடா திட்டினா? ஊசி வேலை செய்யாம போச்சுன்னு வை. மாத்திரை கெடுத்துச்சா, மருந்தே சரியில்லையான்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? மருந்து சரியில்லைன்னு எழுதிட்டா, அந்த சாருக்கும் சேர்த்து நிறுத்திடுவாங்க."

"அவரு யாரு நமக்கு?"

"யாரும் இல்ல. நகரு."

அக்கா டாக்டரின் அறைக்குள் போனார். எந்தக் கடை, எத்தனை வேளை, எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் நிஷா ஃபைலை மூடி வைத்தார்.

"இன்னிக்கு ஊசி போட முடியாது. தொடரலாமான்னு குழு பார்த்துச் சொல்லணும். நான் மட்டும் முடிவு பண்ண முடியாதும்மா."

"கேட்டுச் சொல்லுங்க. நான் வேற எங்கயும் போகல."

அடுத்த வாரங்களில் மூட்டு வலி கூடியது. கட்டரைத் தூக்க முடியாமல், ஸ்டூலில் உட்கார்ந்து வேலை வாங்கினார். பக்கத்துப் பட்டறைக்காரர், "ஒரு செட் போட்டா ஓடிப் போயிடும் ராணி" என்றார். "எதுங்க ஓடும், வலியா, நானா?" என்று கேட்டு அவரை அனுப்பிவைத்தார். தகரக் கூரைக்குக் கீழே வியர்த்து உட்கார்ந்திருப்பார். போன் அடித்தால் மட்டும் கட்டரை நிறுத்தச் சொல்லிவிட்டு எடுப்பார்.

கடைசியில் அழைப்பு வந்தது. செட் மாத்திரை சாப்பிட்டதைப் பதிவில் எழுதிக்கொண்டார்கள். ரத்தத்தை மறுபடி சோதித்துவிட்டு, தொடரலாம் என்றார்கள்.

இரண்டாவது ஊசி போட்ட மறுநாள் மத்தியானம் குளிர் காய்ச்சல் மறுபடியும் வந்தது. கட்டில் கிடுகிடுவென ஆடியது. ஸ்டீபன்ராஜ் செருப்பை மாட்டினான்.

"எங்கடா கிளம்பற? ஆஸ்பத்திரிக்குப் போன் போடு."

அவன் அவருடைய கக்கத்தில் தெர்மாமீட்டர் வைத்து எடுத்துப் பார்த்தான். போன் காதில் இருந்தது. போனைக் கையால் பொத்திக்கொண்டு கிசுகிசுத்தான். "நூத்தி ரெண்டு இருக்குக்கா. நூறுன்னு சொல்லவா? மறுபடி நிறுத்திடப் போறாங்க."

"என்ன காட்டுதோ அதைச் சொல்லுடா."

அவன் சொன்னான். அந்தப் பக்கம் சொன்னதைத் திருப்பிச் சொன்னான். பாராசிட்டமால் ஒன்று மட்டும், ஈரத்துணி, காய்ச்சல் ஏறினால் உடனே கிளம்பி வர வேண்டும்.

அக்கா போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு, பல் தந்தியடிக்க என்னிடம் சொன்னார். "துணியை நனைச்சுட்டு வா. இன்னும் நாலு ஊசி இருக்கு."