ஈ இல்லாத கடை

கண்புரை ஆபரேஷன் முடிந்து, மருந்துச் சீட்டின் பொடி எழுத்தைக்கூடப் படிக்க முடிகிறது என்று நான் ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்த நாளில்தான், என் கடைக்குள் ஈ பறப்பதைப் பார்த்தேன்.

மலேசியாவின் ஜொகூரில், கெலாங் பாத்தாவில் எங்களுக்குச் சாப்பாட்டுக் கடை. விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர் வேலைக்குப் போகிறவர்கள் வந்து, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ரொட்டி சானாய்ப் பரோட்டாவைக் கட்டிக்கொண்டு எல்லைப் பாலத்துக்கு ஓடுவார்கள். சுகாதார அதிகாரிகள் பார்த்துவிட்டுக் கொடுத்த ‘ஏ’ கிரேடு தாள் கல்லாவுக்கு மேலே தொங்குகிறது. கல்யாணப் போட்டோவைவிட அதை நான் அதிகம் துடைத்திருக்கிறேன் என்பது என் மனைவியின் குற்றச்சாட்டு. உண்மைதான். அந்தத் தாளுக்குக் கீழே ஈ பறந்தால் எனக்குப் பொறுக்குமா?

தண்ணி கலக்குகிறவரை, அதாவது டீ, காப்பி போடுகிறவரை, கூப்பிட்டேன். ராமநாதபுரத்துக்காரர், எனக்குச் சமவயது, தே தாரிக் டீயை நுரை பொங்க இழுப்பதில் ஆள் கெட்டிக்காரர்.

“என்னப்பா இது, கடையில இவ்வளவு ஈ?”

“எங்க மொதலாளி?”

“உன் தலைக்கு மேலயே பறக்குது. கண்ணு தெரியலையா உனக்கு?”

அவர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். துணியை எடுத்து வெறும் காற்றை இரண்டு தடவை வீசிவிட்டுப் போனார். சம்பளம் வாங்குகிறவர் வேறென்ன செய்வார்.

மறுநாள் நீல விளக்குப் போட்ட ஈக்கொல்லிப் பெட்டி ஒன்று வாங்கி மாட்டினேன். அன்று சாயங்காலமே ஓரக்கண்ணில் பளிச் பளிச்சென்று மின்னியது. நல்ல பெட்டி, மும்முரமாக வேலை செய்கிறது என்று எனக்குத் திருப்தி. கடை அடைக்கும் முன் அவர் அதன் தட்டைக் கழற்றிக் கொண்டுவந்து காட்டினார்.

“ஒரு ஈசல்தான் மொதலாளி கெடக்கு.”

“புதுப் பெட்டி. போகப் போகச் சரியாயிரும்” என்றேன்.

இங்கே டாக்டரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவர் மேல் பழி வந்துவிடும். ஜொகூர் பாருவில் எனக்கு லென்ஸ் வைத்தவர் ஒரு சீனப் பெண்மணி. மலாயில் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். சின்ன வயதிலிருந்தே சோடாப்புட்டிக் கண்ணாடி போட்டவன் நான். அப்படிப்பட்ட கண்ணுக்குள் விழித்திரை மெலிந்துதான் இருக்கும். புரையை எடுத்து லென்ஸ் வைத்த பிறகு அது கிழிந்து உரிந்துவர மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல் வாய்ப்பு உண்டு, அது மாதங்கள் கழித்தும் வரலாம், வருடங்கள் கழித்தும் வரலாம். திடீரென்று கறுப்புப் புள்ளிகள் மிதந்தால், வெளிச்சம் மின்னினால், ஓரத்தில் திரை விழுந்தால், அன்றைக்கே ஓடி வாருங்கள் என்றார். எனக்கு இது முக்கியம் என்றும் சொன்னார். இடது கண் பிறந்ததிலிருந்தே பேருக்கு இருக்கிற கண், வெளிச்சம் தெரியும், முகம் தெரியாது. இருப்பது வலது கண் ஒன்றுதான்.

“பாயிக், டாக்டர்” என்று மலாயிலேயே சரி சொல்லித் தலையாட்டினேன். ஆனால் அவர் சொன்னது புள்ளி. அது இறக்கை முளைத்து என் கல்லாவைச் சுற்றும் என்று சொல்லவில்லை. காலமெல்லாம் சாப்பாட்டுக் கடையில் நின்றவனுக்கு, கறுப்பாக ஒன்று பறந்தால் அது ஈதான்.

இரண்டு நாள் போயிருக்கும். மதியச் சோற்றுக்குக் கூட்டம் கூடுகிற நேரம், வலப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது.

“அந்த வெயில் திரைய யாரு எறக்குனது? ஏத்தி விடு” என்றேன்.

தண்ணி கலக்குகிறவர் கையில் குவளையோடு நின்றார். “மழை பெய்யுது மொதலாளி. இன்னிக்குத் திரைய எறக்கவே இல்ல.”

கல்லாவில் இருந்த என் மனைவி எழுந்து வந்தார். டாக்டர் அறையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர்தான். தலையாட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தவரும் அவர்தான்.

“என்னங்க, இடது கண்ணப் பொத்துங்க. நான் எத்தனை விரல் காட்டுறேன்?”

“எங்க காட்டுறே?” என்றேன்.

வலப்பக்கம் காட்டிக்கொண்டிருந்தாராம். எனக்குக் கையே தெரியவில்லை.

காரை மனைவி ஓட்டினார். வழியெல்லாம் என்னைத் திட்டவே இல்லை. கோபம் வந்தால் நிறையப் பேசுகிறவர்; ஆகவே அது கோபம் இல்லை என்று தெரிந்தது. நேரே அந்த டாக்டரிடமே போனோம். விழித்திரை பாதி உரிந்துவிட்டது, நடுப்பகுதி இன்னும் தப்பித்திருக்கிறது, மறுநாளே ஆபரேஷன் என்றார்கள். நல்லவேளை என்று டாக்டர் சொன்னார். அந்த வேளையில் எனக்கு நல்லது எதுவும் தென்படவில்லை.

கண்ணுக்குள் வாயுவை அடைத்து அனுப்பினார்கள். முதல் ஆபரேஷனுக்குப் பிறகு குனியாதே என்றார்கள், நெற்றியைத் தரையில் வைக்காமல் நாற்காலியில் உட்கார்ந்து தொழுதேன். இப்போது நிமிராதே என்றார்கள்.

“அப்ப விட்ட ஸஜ்தாவையெல்லாம் இப்பச் சேர்த்துச் செய்யுங்க” என்றார் மனைவி.

குப்புறக் கிடந்த நாட்களில் என் உலகம் தரை ஓடுகளும் அவர் பாதங்களும்தான், அவையும் கலங்கல். “கண்ணு தெரிஞ்சிருமா?” என்று அந்தப் பாதங்களிடம் கேட்பேன். “தெரியும்” என்பார், வெடுக்கென்று. இனி அவர் முகத்தைப் பார்க்காமலே போய்விடுவேனோ என்று ஒரு மதியம் தலையணையில் அழுதேன். பாதங்கள் நகராமல் அங்கேயே நின்றன.

வாயு கரையக் கரைய, டம்ளரில் தண்ணீர் ஆடுவதுபோலக் கண்ணுக்குள் ஒரு கோடு ஆடி, இறங்கி, ஒருநாள் காணாமல் போனது. கதவு நிலை கொஞ்சம் வளைந்து தெரிகிறது. ஓரத்தில் கொஞ்சம் பார்வை திரும்பி வரவில்லை, வராது என்றும் சொல்லிவிட்டார்கள். மீதிப் புள்ளிகளைச் சமாளிக்க டாக்டர் ஒரு வழி சொல்லித் தந்தார்: கண்ணை நகர்த்தினால் கூடவே வருவது உள்ளே இருப்பது.

கடைக்குப் போன முதல் காலை, சீனி டப்பா மேல் கறுப்பாக ஒன்று. கண்ணை இடப்பக்கம் ஓட்டினேன், வலப்பக்கம் ஓட்டினேன். அது கூட வரவில்லை. உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து, முன்னங்கால்களைத் தேய்த்துக்கொண்டிருந்தது. கால்கள் தெரிந்தன.

தண்ணி கலக்குகிறவர் துணியோடு ஓடி வந்தார். “இந்தத் தடவ நெசமாவே ஈ மொதலாளி, அடிச்சிர்றேன்.”

“விடுப்பா” என்றேன். “கொஞ்ச நேரம் இருக்கட்டும்.”